விலைக்கு வந்த வினாக்கள்

பாராளுமன்றத்தில் வினா எழுப்புவது உறுப்பினரின் உரிமை. அதற்குக் கூலி பெறலாமா? ஸ்ரீமுஷ்ணத்தில் மனு எழுதித் தருபவரும் கூலி பெறுகிறார். ஆனால் ஊரறியப் பெறுகிறார்!

1951இல், தற்காலிகப் பாராளுமன்ற உறுப்பினர் எச். ஜி. முத்கல், பம்பாய்த் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று, அவர்களுக்காக வினாக்களும் மசோதாத் திருத்தங்களும் கொடுத்தார் எனக் குற்றச்சாட்டு எழுந்தது. பிரதமர் நேருவே விசாரணைத் தீர்மானம் கொணர்ந்தார். நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் 5 பேர் குழு ஆராய்ந்தது. கைமாறிய தொகை 2,700 ரூபாய்தான். இருப்பினும், அச்செயல் அவையின் மாண்புக்கு இழுக்கு என்றது குழு. முத்கல் முந்திக்கொண்டு பதவி விலகினார். அவை விடவில்லை, அவர் நீக்கத்திற்குரியவரே என்றும், விலகல் கடிதத்தின் வாசகமே அவமதிப்பு என்றும் தீர்மானித்தது.

2005இல் இதே குற்றத்திற்காக 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர். பணம் கொடுத்தவர்களோ வணிகர்போல் நடித்த செய்தியாளர்கள். மெய்யான வணிகர் எவரும் அன்று அகப்படவில்லை.