சொல்லிவிட்டு விலகுவோம்
(கொடுக்கல் வாங்கல் பாடம்: செல்போன் ஒப்பந்தத்தை முடித்தல்)

 

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களிலிருந்தும் செங்கல்பட்டு நகரிலிருந்தும் பிழைப்புத் தேடி வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள், புறப்படுமுன் வீடு வீடாகச் சென்று ஸலாம் சொல்லி, "ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னித்து ஹலாலாக்கி விடுங்கள்" என்று கேட்பது நல்ல வழக்கம். மளிகைக் கடைப் பாக்கியையும் தீர்த்துவிட்டே செல்கிறார்கள். ஆனால் தாயின் பெயரில் வாங்கிய செல்போன் இணைப்பை மட்டும் பலர் மறந்து விடுகிறார்கள். சிம் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ணுகிறார்கள். கணக்கு முடிவதில்லை. மாதந்தோறும் பில் ஏறுகிறது. ஒரு நாள் தொழுகை விரிப்பில் அமர்ந்திருக்கும் அந்த வயோதிகத் தாய்க்கு, பணம் கேட்டுக் கடுமையான குரல் ஒன்று வருகிறது.

"பயன்படுத்தாத போனுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? கம்பெனிக்காரர்கள் கோடீஸ்வரர்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டால் குற்றமா?" இது பலர் மனத்திலும் உள்ள கேள்வி. மார்க்கம் இதற்கு என்ன பதில் தருகிறது என்பதைப் பார்ப்போம்.

ஒப்பந்தமும் வாடகையும்

முன்பணம் கட்டிப் பேசும் பிரீபெய்டு இணைப்பில் கட்டிய பணம் தீர்ந்தால் பேச்சு நிற்கும், பாக்கி ஏறுவதில்லை. பேசிய பின் பணம் கட்டும் போஸ்ட்பெய்டு இணைப்பு அப்படியன்று. மாதக் கட்டணம் தருவதாகக் கையொப்பமிட்டு, ஒரு சேவையை வாடகைக்கு எடுக்கிறோம். ஃபிக்ஹில் இதற்கு ஒப்பானது 'இஜாரா' என்னும் வாடகை ஒப்பந்தம்.

மாமல்லபுரத்தில் கடை வாடகைக்கு எடுத்த ஒருவர், வியாபாரம் ஓடவில்லை என்று பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் வாடகை நின்றுவிடுமா? நிற்காது. சாவி அவர் கையில் உள்ளவரை வாடகையும் அவர் மீதே. ஹனஃபீ ஃபிக்ஹ் நூல்கள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன: வீடு ஒப்படைக்கப்பட்டு விட்டால், அதில் குடியிருக்காவிட்டாலும் வாடகை கடமையாகிறது. 'மாதம் இவ்வளவு' என்று பேசி எடுத்த வீட்டை ஒரு மாதம் முடியும்போது இரு தரப்பில் யாரும் முறித்துக் கொள்ளலாம். முறிக்காமல் அடுத்த மாதத்தில் நுழைந்துவிட்டால் அந்த மாதமும் அவரைக் கட்டுப்படுத்தும். செல்போன் கட்டணத்தையும் இந்த அளவுகோலால் எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

திருமறை காட்டும் வழி

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஈமான் கொண்டோரை அழைத்து, ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி கட்டளையிடுகிறது. வாக்குறுதி பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் (17:34) எச்சரிக்கிறது.

அப்படியானால் ஒப்பந்தத்தை முடிக்கவே கூடாதா? முடிக்கலாம். ஆனால் அறிவித்து முடிக்க வேண்டும். எதிர்த் தரப்பார் மோசம் செய்வார்கள் என்ற அச்சம் ஏற்பட்டாலும்கூட, உடன்படிக்கை முடிந்தது என்பதை அவர்களுக்குத் தெரிவித்து, இரு சாராரும் சம நிலையில் அறிந்திருக்கச் செய்யுமாறு அன்ஃபால் அத்தியாயம் (8:58) பணிக்கிறது. யுத்த காலத்து எதிரிக்கே அறிவிப்பு உண்டென்றால், நம்மோடு கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு இல்லாமல் போகுமா? தவ்பா அத்தியாயத்தின் தொடக்க வசனங்களிலும் நான்கு மாதத் தவணை அளிக்கப்பட்டதையும், உடன்படிக்கையில் குறை வைக்காதவர்களுக்கு அதன் தவணை முடியும்வரை நிறைவேற்றும்படி சொல்லப்பட்டதையும் காண்கிறோம்.

முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமர்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. அது முடிந்தவுடன் தாக்கலாம் என்று, முடியுமுன்பே அவர்கள் படையுடன் ரோமர் எல்லையை நோக்கி நகர்ந்தார்கள். அம்ர் இப்னு அபஸா (ரலி) அவர்கள் குதிரையில் விரைந்து வந்து, "வாக்கைக் காப்பாற்றுங்கள், மோசடி வேண்டாம்" என்ற கருத்தில் குரல் எழுப்பினார்கள். தவணை முடியும்வரை, அல்லது முறையாக அறிவிக்கும்வரை, உடன்படிக்கையின் முடிச்சில் கைவைக்கக் கூடாது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். முஆவியா (ரலி) அவர்கள் படையோடு திரும்பி விட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி உள்ளது.

"கம்பெனிக்காரர் பணக்காரர், நம் மார்க்கத்தவரல்லர்" என்பதும் சாக்காகாது. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்கத்தாரின் அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுத்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் சென்றார்கள். எதிரியின் பொருளே அமானத் என்றால், மற்றவர் பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழியின் தீர்ப்பே.

எப்படி அறிவிப்பது?

முதலில், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்கப்பட்டுள்ளது என்பதைப் படித்துப் பாருங்கள். பிறகு இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரே, எண், பெயர், முகவரி, இணைப்பை முடிக்க விரும்பும் தேதி, டெபாசிட் கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரக் கோரிக்கை ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது (2:282). ஆகவே வாய்ச்சொல்லோடு நிற்காமல், பெற்றுக் கொண்டதற்கான ஒப்புகை எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கடைசி பில்லைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எண்ணை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் உள்ளது. 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தம் எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். தவணை கடந்த பாக்கி இருந்தால் மாற்றம் கிடைக்காது. மாறிய பிறகு வரும் கடைசி பில்லையும் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால், பழைய கம்பெனியின் கோரிக்கையின் பேரில் புதிய இணைப்பும் துண்டிக்கப்படலாம்.

எண்ணை அறவே விடுவதாக இருந்தால், வங்கி, ஆதார், எரிவாயு முதலியவற்றில் வேறு எண்ணை முதலில் பதிந்து விடுங்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் இன்னொருவர் கைக்குப் போய்விடும். உங்கள் வங்கியின் ரகசியக் குறியீடு அந்நியரிடம் சென்றால் குறை யாருடையது?

கம்பெனி தவறினால்

வாக்குக் காப்பது இரு தரப்புக்கும் பொது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் நிலைகுலைந்தபோது, லட்சக்கணக்கானோர் திடீரென்று பேச முடியாமல் தவித்தார்கள். வேறு கம்பெனிக்கு மாறக் கடைகளில் வரிசையில் நின்றார்கள். அறிவிப்பின்றி முறியும் ஒப்பந்தம் எத்தனை வீடுகளைத் தடுமாற வைக்கும் என்பதை அன்று நாம் கண்ணாரக் கண்டோம். நமக்குச் செய்யப்பட்டபோது வலித்ததை நாம் பிறருக்குச் செய்யலாமா?

முடித்த பிறகும் பில் வந்தாலோ, டெபாசிட் திரும்பாவிட்டாலோ, கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம். நியாயமான தொகையைக் கட்டி, தவறான தொகையை எழுத்தில் மறுங்கள். முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவு, பிறகு அதன் மேல்முறையீட்டுப் பிரிவு, அதன் பின் செங்கல்பட்டிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று வழி உண்டு. செல்போன் கம்பெனிகள் மீதான புகாரை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. உரிமையைக் கேட்பது குற்றமன்று. கடமையை ஒளிப்பதே குற்றம்.

மையித்தின் இணைப்பு

வீட்டில் ஒருவர் மவுத்தாகி விட்டால் அவர் பெயரிலுள்ள இணைப்பையும் கவனியுங்கள். இறப்புச் சான்றிதழைக் காட்டி அதை முடித்து, பாக்கியை அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து செலுத்துங்கள். சொத்துப் பங்கீட்டுக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம் (4:11). கடனாளியாக இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்ற பின்பே தொழுவித்ததும் நாம் அறிந்ததே. தொகை சிறிது என்று எண்ண வேண்டாம்.

நினைவில் நிறுத்த

1. ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், ஒளிந்து விலகக் கூடாது.
2. முடியும் நாள்வரை உள்ள கட்டணம் நம் மீது கடன்.
3. இணைப்பைத் துண்டித்தாலும் பாக்கி துண்டிக்கப்படுவதில்லை.
4. பிறர் பெயரில் வாங்கியதை, ஊரைவிட்டுப் போகுமுன் நாமே முன்னின்று முடித்துத் தர வேண்டும்.

பயணம் புறப்படும் பிள்ளை தாயிடம் துஆ கேட்கும் அதே நாளில், தாயின் பெயரிலுள்ள கணக்கையும் தீர்த்துவிட்டால் அந்தத் துஆவில் நிம்மதியும் சேரும். வாக்கைப் பேணி, பிறர் உரிமை நம் கழுத்தில் இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.