பந்தல் ஏன் சாய்கிறது?



பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை ஒரு முறை சென்று வாருங்கள். வீட்டுக் கொல்லைகளில் அவரையும் புடலையும் படர்ந்த பந்தல்களைக் காணலாம். ஏரிக்கரை மீனவர் ஊர்களில் பந்தல் நிழலில் அமர்ந்து வலையைப் பழுது பார்ப்போரையும் காணலாம். நான்கு சவுக்குக் கால்கள், மேலே நான்கு விட்டங்கள், நடுவே சில குறுக்குக் கழிகள். பந்தல் என்பது இவ்வளவுதானே என்று தோன்றும்.

ஆனால் இது புயல் வரும் கரை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. அத்தகைய காற்றில் பந்தல் சாய்ந்து, அடியில் ஆளோ ஆடோ இருந்துவிட்டால் என்ன ஆகும்? எனவே பந்தல் கட்டும் முன் கொஞ்சம் இயற்பியலும் தெரிந்திருக்க வேண்டும்.

சதுரமும் முக்கோணமும்

ஒரு சோதனை செய்து பாருங்கள். சம நீளமுள்ள நான்கு அட்டைப் பட்டைகளை எடுத்து, முனைகளில் குண்டூசி குத்திச் சதுரமாக இணையுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். பக்கங்களின் நீளம் மாறவில்லை. கோணங்கள் மட்டுமே மாறின. இப்போது மூன்று பட்டைகளை முக்கோணமாக இணைத்துத் தள்ளுங்கள். அசையாது! மூன்று பக்கங்களின் நீளமும் தெரிந்தால் முக்கோணத்தின் கோணங்களும் உறுதியாகிவிடும் என்று வடிவியலில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவே இங்கும் காரணம்.

ஒற்றை ஆணி அடித்த மூலை, குண்டூசி குத்திய மூலையைப் போன்றதே. அது கதவின் கீல் போலத் திரும்பும். எனவே ஒவ்வொரு மூலையிலும் காலையும் விட்டத்தையும் இணைத்து ஒரு சாய்வுக் கழி பொருத்த வேண்டும். மூலையிலிருந்து இரு புறமும் சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் உறுதியான முக்கோணம் கிடைக்கும். நடமாட வழியும் இருக்கும். காற்று எத்திசையிலிருந்தும் வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு காலுக்கும் இரு திசைகளில் இரண்டு சாய்வுக் கழிகள் தேவை. நான்கு கால்களுக்கும் சேர்த்து எட்டு.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை நேராகத் தடுக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 60 நியூட்டன் விசையுடன் தள்ளும். இது 6 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 108 கிலோமீட்டரில் அது 540 நியூட்டன், அதாவது சுமார் 55 கிலோ எடை! பந்தலில் கீற்றோ தடுப்போ கட்டியிருந்தால் புயல் எச்சரிக்கை வந்தவுடனே அவிழ்த்துவிடுவது நல்லது. வெறும் கழிகளின் இடையே காற்று புகுந்து போய்விடும்.

கால் எவ்வளவு ஆழம்?

ஊன்றிய கால் ஒரு நெம்புகோல். 3 மீட்டர் கழியில் 50 சென்டிமீட்டரை மட்டும் புதைத்தால், வெளியே உள்ள பகுதி புதைந்த பகுதியைப் போல் 5 மடங்கு. 75 சென்டிமீட்டர் புதைத்தால் 3 மடங்கே. மேற்கை குறைந்து கீழ்க்கை நீள, மண் தாங்க வேண்டிய விசை குறையும். கடலோர மணல் இறுகப் பிடிக்காது. ஆகவே இன்னும் ஆழமாகப் புதையுங்கள். தரை மட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சை வளர்ந்து மரம் முதலில் அங்குதான் உளுத்துப்போகும். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அந்த இடத்தைக் குத்திப் பாருங்கள்.

விட்டத்தை எப்படி வைப்பது?

அறுத்த மரத்தை விட்டமாக்கினால் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வளைவைத் தடுக்கும் திறன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், உயரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். 5 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள மரத்தை நிமிர்த்தி வைத்தால் விறைப்பு நான்கு மடங்கு. உங்கள் அடிக்கோலைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் வளைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

இறுதியாக ஒரு கேள்வி. புயலின் மையம் ஓர் ஊரைக் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். உங்கள் அட்டைச் சதுரத்தில் மூலைவிட்டப் பட்டைக்குப் பதில் ஒரு நூலைக் கட்டினால், இரு திசைத் தள்ளலையும் அது தாங்குமா? தாங்காவிட்டால் எத்தனை நூல்கள் வேண்டும்? செய்து பார்த்து விடை காணுங்கள்!