அருள் வந்த நேரத்தில் ஆடியது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கையை அசைக்க வேண்டும் என்று நாம் நினைக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறதாம், ‘நான்’ என்பதே மாயையாம் என்று ஒரு காணொளி பார்த்திருக்கிறாய். அப்படியானால் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டும்போது எனக்கு வரும் அருளும் ஏமாற்றுத்தானா, இந்த மாசியில் வேஷம் கட்டலாமா என்று கேட்கிறாய். கட்டு தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

நீ பார்த்தது பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வு. சிலருடைய தலையில் மின்முனைகளை ஒட்டி, கடிகாரம்போல் சுழலும் ஒரு புள்ளியைப் பார்க்கவைத்து, தோன்றும்போது கையை அசைக்கச் சொன்னார். அசைக்கும் எண்ணம் எப்போது வந்தது என்று கேட்டார். எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்ன நேரத்துக்குச் சுமார் 350 மில்லிசெக்கன் முன்பே மூளையில் ஒரு மின் அலை ஏறத் தொடங்கியிருந்தது. அன்றே தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. 2012இல் ஏரன் ஷர்கரும் கூட்டாளிகளும் அந்த அலை முடிவே அல்ல என்றார்கள். மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் சலசலப்பு ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. அதைப் பின்னாலிருந்து சராசரி எடுத்துப் பார்ப்பதால் முன்கூட்டியே முடிவானதுபோல் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் எரிந்தான், எரியவில்லை என்று இரண்டு கட்சியாக நின்று லாவணி பாடுவார்களே, அப்படித்தான் இதுவும் நடக்கிறது. ஒரு கட்சியின் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு நீ சலங்கையைக் கழற்றிவைக்க வேண்டாம்.

காரணமே இல்லாமல் கையை அசைப்பதைத்தான் லிபெட் அளந்தார். உன் ஆட்டத்தில் காரணமில்லாத அசைவு ஏது? வளர்பிறையில் கம்பம் ஊன்றியதிலிருந்து பௌர்ணமித் தகனம் வரை நீ கவிச்சி தொடுவதில்லை. மலையிலிருந்து இறங்கிவந்து, குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு, வாத்தியார் முன்னால் அதே அடவைக் கால் மரத்துப்போகும்வரை போடுகிறாய். உன் விருப்பத்தை அந்த நாட்களில் தேடு. கண் செருகும் நொடியில் தேடினால் அது அகப்படாது.

தகனத்து இரவில் காமன் பொட்டலை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன். தப்புக்காரர் காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார். விரல் நுனியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். போதாது என்றால் மறுபடி தீயில் காட்டுவார். தோல் இறுகியதும் அடி மாறும். ரதியின் கால் நடுங்கும், கழுத்து சாயும், இரண்டு பேர் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொள்வார்கள். ஊர் முழுக்க முகத்தைப் பார்க்கும். நான் பாதத்தைப் பார்ப்பேன். தன்னினைவே இல்லை என்று எல்லாரும் சொல்லும் அந்த ஆள் தரையில் வைத்த விளக்கை மிதிக்கவில்லை. கம்பத்தில் மோதவில்லை. முன்வரிசையில் தூங்கி விழும் குழந்தையை ஒதுங்கித் தாண்டினான். தப்பு ஓரடி தாமதித்தபோது அவன் காலும் தாமதித்தது. ஒப்பாரியில் ஒரு வரிகூட முன்பின் ஆகவில்லை. பயின்றது எல்லாம் அங்கே விழித்திருக்கிறது. மேற்பார்வை செய்யும் ‘நான்’ மட்டும் சற்றே விலகி நிற்கிறது. அதை எப்படிப் பொய் என்பது?

பேய், சாமி என்பதெல்லாம் மனம் செய்யும் வேலை என்று இந்த நாட்டில் உரக்கச் சொன்னவர் ஏபிரகாம் கோவூர். கேரளத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை 1978இல் இறக்கும்வரை நடத்தினார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை அறிதுயிலில் ஆழ்த்திக் குணப்படுத்தினார். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் இன்னும் ஆழத்துக்குப் போனவர் கணநாத் ஒபேசேகர. நம் ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தில் சடை விழுந்து சாமியாடிய பெண்களோடு உட்கார்ந்து பேசி, 1981இல் ‘மெடூசாவின் கூந்தல்’ என்று பொருள்படும் நூலை எழுதினார். வாய்விட்டுச் சொல்ல முடியாத அவர்களுடைய துக்கத்துக்கு அந்தச் சடையும் ஆட்டமும் உருவம் கொடுத்தன என்று கண்டார். உன் பாட்டியும் அம்மாவும் ரதியைப் பார்த்து அழுகிறார்களே, மன்மதனுக்காக மட்டுமா அழுகிறார்கள்?

இன்னொன்று. நமக்கென்று விருப்பமே இல்லை என்ற பேச்சை நம் மலையகச் சனம் காணொளிக்கு முன்பே நிறையக் கேட்டாயிற்று. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். லயத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. தலையெழுத்து என்று சொல்லி நம் பெரியவர்கள் மனதை ஆற்றிக்கொண்டார்கள். ஆனால் அதே சனம் வருடக்கணக்காக நின்று கேட்டதால்தான் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. மூளையின் அலையை அளப்பவர்கள் அளக்கட்டும். ஆனால் ‘உன் கையில் எதுவுமில்லை’ என்று மேலே இருப்பவர்கள் சொல்லும்போது, அதை விஞ்ஞானமாக நினைத்துத் தலையாட்டாதே.

இனி உன் தொழிலுக்கு வருகிறேன். அருள் வராத வருடமும் வரும். அன்று வந்ததுபோல் நடிக்காதே. அடவைச் சுத்தமாக ஆடு, ரதிக்கு அது போதும். வரவழைக்கச் சாராயம் தொடாதே, உன்னோடு ஆடும் பையன்களையும் தொடவிடாதே. அருளில் உன் வாயிலிருந்து வந்த சொல்லை வைத்து ஒரு பிள்ளையின் கலியாணத்தையோ படிப்பையோ யாராவது முடிவுசெய்ய வந்தால், விடிந்ததும் நீயே போய்த் தடு. தப்பு நின்று, திருநீறு பூசி, தண்ணீர் தெளித்த பிறகும் ஒருவன் தெளியாமல் மறுநாளும் அப்படியே இருந்தால், சாமிக்குற்றம் என்று வைத்திருக்காமல் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கம்பம் ஊன்றுவதற்கு முன் உங்கள் தப்புக்காரரிடம் உட்கார்ந்து பேசு. எந்த அடியில் உன் கண் செருகுகிறது, எந்த அடியில் உன்னைத் திரும்ப இறக்குகிறார், எதைப் பார்த்து அவர் அடியை மாற்றுகிறார் என்று கேள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்