கரு கலைந்ததற்குக் கொழுந்துக் கூடை மேல் பழி போடாதே

தங்கச்சி, நாள் தள்ளிப்போய், கிளினிக் கார்ட் போடுவதற்குள்ளேயே உதிரம் பட்டுவிட்டால் லயத்தில் முதலில் வரும் கேள்வி, “என்னத்தத் தூக்கின?” என்பதுதான். அதற்குப் பதில் தேடி உன்னையே குடைந்துகொள்ளாதே. தெரியவந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை தானாகக் கலைகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம் கணக்குப் பிசகியவை. நேற்றுப் பறித்த கொழுந்தோ, வீட்டில் போட்ட சண்டையோ அந்தப் பிசகை உண்டாக்காது.

கொஞ்சமாகப் பட்டாலும் அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிக்குச் சொல். உதிரம் பட்ட எல்லாக் கருவும் கலைவதில்லை, ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஒரு மணிநேரத்திலேயே பேட் நனைந்து மாற்ற வேண்டி வந்தால், மயக்கம் வந்தால், அடிவயிறு ஒரு பக்கமாகக் குத்தினால், தோள்பட்டை நுனி வலித்தால், விடியட்டும் என்று இருக்காதே. கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். உயிருக்கே ஆபத்து. 1990க்கு அடி, சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசில்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், வண்டி வந்து நிற்கக்கூடிய சந்தியையும் சொல். லயம் வரை வண்டி ஏறாது என்றால், அது வரும்வரை காத்திருக்காமல் ஆட்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கட்டும். நம் மலைப் பாதையில் அப்படி மிச்சமாகும் அரைமணி நேரமும் பெரிசு.

டிக்கோயாவோ நுவரெலியாவோ, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கிளினிக் கார்ட் போட்டிருந்தால் அதைக் கையோடு கொண்டு போ. உன் இரத்த வகை நெகட்டிவ் என்றால், ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று நீயே வாய்விட்டுக் கேள். தேவைப்பட்டால் 72 மணிநேரத்துக்குள் போட வேண்டும், அடுத்த பிள்ளைக்கான பாதுகாப்பு அது.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சலோ, கெட்ட வாடையோ இருந்தால் திரும்பப் போ. ஒருநாள் பேர், அந்த நாள் சம்பளம், போய்விடும் என்று மறுநாளே மலை ஏறாதே, மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடு. இரும்புச்சத்து மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதே. சாயம் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணிநேரமாவது இடைவெளி விடு.

முகம் பார்க்காத பிள்ளைக்கு என்ன அழுகை என்பவர்களை விடு, உனக்கு வருகிற அழுகையை அழு. உன் வீட்டுக்காரருக்கும் அந்தத் துக்கம் உண்டு, அவரிடமும் பேசு. மறுபடி பிள்ளைக்கு மனசு வந்தால், கரு தங்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையை மிஸ்ஸியிடம் கேட்டு ஆரம்பி. இரண்டு மூன்று முறை தொடர்ந்து கலைந்திருந்தால் மட்டும், முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் காரணம் பார்க்கச் சொல்.