தோட்டத்துக்குத் துப்பாக்கி வரும் நாளில்

மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டால் செலவு முழுதும் மண்ணோடு போகும். சிகாமட் வட்டாரத் தோட்டங்களில், அதிலும் எண்டாவ்-ரொம்பின் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குப் போகும் பெக்கோக் பக்கம், இது பழைய தலைவலி. நிர்வாகம் உரிமம் உள்ள வேட்டைக்காரர்களை அழைக்கும். அன்றைக்குத் தோட்டத்தில் யாருக்கும் அடிபடாமல் பார்ப்பது கிராணி, மண்டோர் தலையில் விழும். மேற்பார்வைக்குப் புதிதாக வந்தவர்களுக்கான குறிப்புகள் இவை.

1. முதலில் தாள்களைப் பாருங்கள்

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. உரிமத்தில் உள்ள பெயரும் துப்பாக்கி எண்ணும் கையில் இருப்பதோடு பொருந்த வேண்டும். ‘மச்சானுடைய துப்பாக்கி’ என்றால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. பன்றியைச் சுடுவதற்கான பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

2. மானைச் சுட விடாதீர்கள்

‘பன்றி கிடைக்காவிட்டால் ஒரு ரூசா’ என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னாலும் அங்கேயே மறுத்துவிடுங்கள். ரூசா, கீஜாங் இரண்டையும் வேட்டையாட 2009இல் வந்த தடை பிறகும் நீட்டிக்கப்பட்டது. காரணம் எளிது: ரூசா புலியின் முக்கிய இரை, மலாயாப் புலிகளோ காட்டில் 150க்கும் குறைவு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் மிகக் கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டுவரை சிறையும் வைத்திருக்கிறது. வேட்டை இறைச்சியைப் பங்கு போடும்போது கை நீட்டினால் நீங்களும் மாட்டுவீர்கள்.

3. துப்பாக்கியின் குணம் தெரிந்திருக்கட்டும்

தோட்டத்தில் பெரும்பாலும் பார்ப்பது ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள். யாராவது செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளோடு வந்தால் உள்ளே விடாமல் போலீசைக் கேளுங்கள். அந்த வகையில் ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்த குண்டு தானாகவே அறைக்குள் ஏறிவிடும். சுட்டு முடித்தவர் இறக்கிப் பார்க்காதவரை துப்பாக்கி தயார் நிலையிலேயே இருக்கும். ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது. தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் லயத்தையும் பள்ளியையும் எட்டும்.

4. பெரட்டில் அறிவியுங்கள்

எந்த பிளாக், எத்தனை மணி, யார் யார் என்பதைக் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் புரியும் மொழியில் சொல்லுங்கள். வங்காளதேசத் தொழிலாளிக்குத் தமிழ் அறிவிப்பு உதவாது. அந்த பிளாக்கிலும் பக்கத்து பிளாக்கிலும் பழம் வெட்டவோ உரம் போடவோ யாரையும் அனுப்பாதீர்கள். வேலை முடிந்தும் உதிரிப் பழம் பொறுக்குபவர், விறகுக்கு வருபவர், அருகிலுள்ள ஓராங் அஸ்லி கிராமத்தார் ஆகியோருக்கும் முன்கூட்டியே செய்தி போக வேண்டும்.

5. திசையை நீங்களே குறியுங்கள்

செம்பனை சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நிற்பதால் நிரை நெடுகப் பார்வை போகும். குண்டும் அப்படியே போகும். சாலை, வீடு, எல்லைப் பக்கம் சுடக்கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். புதர் அசைந்ததைப் பார்த்துச் சுடுபவரை மறுபடி அழைக்காதீர்கள். விலங்கை முழுதாகப் பார்த்து, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே விசையில் விரல் போக வேண்டும்.

6. நிறுத்தும் அதிகாரம்

1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம் என்கிறது அது. யாராவது அப்படி விலகினால் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். ஆள் கணக்கு ஒன்று குறைந்தாலும் வேட்டையை நிறுத்துங்கள். வந்தவர் தவுக்கேயின் நண்பராக இருந்தாலும் சரி. கோபத்தை மறுநாள் சமாளித்துக்கொள்ளலாம்.