குறைந்தபட்சக் கூலி: எது அதிகமோ அதுவே உரிமை

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைச் சட்டம் நாடு முழுமைக்கும் வகுத்த குறைந்தபட்சக் கூலி, 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலராகவே நிற்பது, ஏறிவிட்ட விலைவாசியை நோக்க, உழைப்பவருக்கு இழைக்கப்படும் அநீதியாகும். எனினும் மாநிலங்கள் இதனினும் உயர்ந்த கூலியை விதிக்கலாம் என்பதாலும், இரு சட்டங்களும் பொருந்துமிடத்தில் அதிகமான தொகையே தொழிலாளிக்கு உரியது என்பதாலும், வேலை செய்யும் மாநிலத்தின், சில இடங்களில் நகரத்தின், நடப்பு விகிதத்தை முதலில் அறிதல் வேண்டும். அலபாமா, மிசிசிப்பி உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தனிச் சட்டம் இல்லை.

உணவகப் பணியாளர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் கூலியின் பகுதியாகக் கணக்கிட்டு, மணிக்கு 2.13 டாலர் மட்டும் முதலாளி வழங்க மத்தியச் சட்டம் இடமளித்தாலும், இரண்டும் சேர்ந்து 7.25 டாலரை எட்டாவிடில் குறையை அவரே ஈடுசெய்தாக வேண்டும். கலிபோர்னியா இவ்வாறு டிப்ஸைக் கூலியில் கணக்கிடுவதை அறவே ஏற்பதில்லை.

விலக்களிக்கப்பட்ட பணிகள் நீங்கலாக, வாரத்தில் 40 மணி நேரத்தைக் கடந்த வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. வேலை தொடங்கிய, முடிந்த நேரங்களைத் தொழிலாளி தாமே நாள்தோறும் எழுதிவைத்து, சம்பளச் சீட்டுகளையும் பாதுகாத்தால், வழக்கில் அவை சான்றாகும். புகார் அளித்தவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். மத்தியச் சட்டப்படி நிலுவையைக் கோரும் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் மூன்று ஆண்டுகள்.