மண்குழம்பின் ஓட்டம்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். பழமலைநாதர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர், பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்று விளங்குகின்றது. அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் இங்கு உண்டு.

பீங்கான் பொம்மை செய்வோர் வெண்களிமண் முதலியவற்றை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, பாரிஸ் சாந்தினால் ஆகிய அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் ஓடுபோலப் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர்.

குழம்பு மிகக் கெட்டியாயின், அச்சின் நுண்ணிய மூலைகளை எட்டாது. பொம்மையின் மூக்கும் விரலும் மழுங்கும். நீரை மிகுதியாகச் சேர்த்தாலோ, காயும்பொழுது பொம்மை பெரிதும் சுருங்கி வெடிக்கும். இரண்டினாலும் உழைப்பு வீணாகும். இவ்விடர் நீங்க வழி யாது? சோடியம் சிலிகேட் சிறிதளவு சேர்ப்பின், மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றாது விலகி நிற்கும். நீர் மிகாமலே குழம்பு இளகி ஓடும். அப்பொருளும் அளவு மிஞ்சினால் குழம்பு மீண்டும் தடிக்கும். ஆதலின், ஓட்டத்தை அளந்தறிதல் இன்றியமையாதது.

அடியில் துளையுள்ள கிண்ணத்தில் குழம்பை நிரப்பி, அது ஒழுகும் நேரத்தைக் கணக்கிடுதல் எளிய முறையாகும். ஆயினும், ஒருமுறை அளந்தால் போதாது. நீரை மெல்லக் கலக்கினும் விரைந்து கலக்கினும் அதன் பாகுத்தன்மை மாறுவதில்லை. இத்தகைய ஓட்டத்திற்குரிய விதிக்கு, 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட நூலே அடிப்படை. மண்குழம்போ கலக்கினால் இளகும்; அசையாதிருந்தால் இறுகும். ஆகவே, கலக்கியவுடன் ஒருமுறையும், சிறிதுநேரம் நிறுத்திவைத்து மற்றொருமுறையும் அளத்தல் வேண்டும்.

அச்சில் வார்க்கப்பெறும் உருகிய பிளாஸ்டிக்கும் விசைக்கேற்ப இயல்பு மாறுவதே. அதன் நீண்ட மூலக்கூறுகள் சிக்குண்ட நூல்போலக் கிடக்கும். விசை மிகுந்தால், ஓட்டத்தின் திசையில் நீண்டு வழிவிடும். பாலித்தீனை 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, 2.16 கிலோகிராம் எடையால் சிறுதுளை வழியே அழுத்தி, 10 நிமிடத்தில் வெளிவருவதைக் கிராமில் குறிப்பர். ஆயினும், ஓர் எடையில் கண்ட அளவு மற்றோர் எடைக்குப் பொருந்தாது. ஆதலால் அறிஞர், பல விசைகளில் அளந்து, அவ்வளவுகளுக்கு இயைந்த சமன்பாட்டை அமைப்பர். அதனைக் கொண்டு, அச்சு முற்றும் நிரம்புமா என்பதை வார்க்கும் முன்னரே கணித்தறியலாம்.

ஒரு நிலையில் மட்டும் கண்டு ஒரு பொருளின் இயல்பைத் துணிதல் தகாது. பல நிலைகளிலும் அளந்து தெளிதலே அறிவுடையோர் செயலாகும்.